அன்ரி பூட்ஸ் தேடிய வருடம்

எனக்குக் கார் ஓட்டுகிற லைசன்ஸ் கிடைத்தது ஒரு புதன்கிழமை. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே அன்ரி வந்து கதவைத் தட்டிவிட்டார். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் கணவரும் சொல்லியிருக்க மாட்டார். அந்த மனுசன் தன்னுடைய பிறந்தநாளையே கலியாணமாகி இரண்டு வருடம் என்னிடம் மறைத்தவர். ஆனால் மல்வேர்னில் நாங்கள் இருந்த கட்டடம் அப்படிப்பட்டது. ஏழாம் மாடியில் மீன் பொரித்தால் அது என்ன மீன் என்று மூன்றாம் மாடியில் சொல்லுவார்கள். லைசன்ஸ் எம்மாத்திரம்?

“பிள்ளை, இண்டைக்கு உமக்கு வேலை இல்லைத்தானே?” என்றார் அன்ரி.

“இல்லை அன்ரி.”

“அப்ப வெளிக்கிடும். பூட்ஸ் பாக்க வேணும்.”

அது ஜூலை மாதம். வெளியே முப்பத்திரண்டு பாகை வெயில். நான் கதவைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டு நின்றேன்.

“என்ன பூட்ஸ் அன்ரி?”

“ஸ்னோ பூட்ஸ். தோலில செய்தது. விழுத்தாத பூட்ஸ்.”

இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அன்ரி அப்போது எங்களுக்கு மூன்று கதவு தள்ளி, ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். வயது அறுபத்தெட்டு. ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ‘என்னைக் கேளாமல் ஏன் போட்டனீர்?’ என்று ஆள் அனுப்பிக் கேட்கக்கூடியவர்.

அன்ரியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். அவர் எதையும் தானே சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். மனிதர்களை நம்புவார், அதில் குறைவில்லை. சாமான்களைத்தான் நம்பமாட்டார். பால் பெட்டியில் திகதி போட்டிருந்தாலும் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார். ரீவியில் மழை என்று சொன்னால் பல்கனிக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பார். டொக்டரிடம் போகும்போது வீட்டிலிருந்து தன்னுடைய பிரஷர் மெசினையும் கொண்டு போவார். டொக்டர் அளந்த பிறகு அங்கேயே இருந்து திரும்ப அளப்பார். இரண்டும் ஒத்துவந்தால், “ஓம், உங்கட மெசின் சரி,” என்று டொக்டருக்குச் சொல்லிவிட்டு வருவார்.

இப்படிப்பட்ட மனுசி வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒரு சாமானைச் சோதிக்காமல் காலில் போட்டிருக்கிறார். அது அதற்கு முந்திய நத்தார்ப் பண்டிகைக்கு மகன் வாங்கிக் கொடுத்த பூட்ஸ். கறுப்பு நிறம், பளபளப்பு, நல்ல விலையாம். மகன் தந்ததை எப்படிச் சந்தேகிப்பது? பெப்ரவரியில் ஒரு நாள் கட்டடத்துக்கு முன்னாலுள்ள பஸ் தரிப்பில், மேலே ஸ்னோவும் கீழே கண்ணாடி மாதிரி ஐஸுமாக இருந்த இடத்தில், அந்தப் பூட்ஸ் அவரை மல்லாக்க விழுத்தியது. வலது கை மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை மாக்கட்டு.

மகன் தங்கமான பிள்ளை. அதுதான் பிரச்சினையே. கூடாத மகனென்றால் ஏசிவிட்டு இருந்துவிடலாம். இவர் ரூஜில் புது வீடு வாங்கி, அம்மாவுக்கென்று பேஸ்மென்டை அறை, குளியலறை, சாமியறை என்று பிரித்துக் கட்டி, புதுக் கட்டில் போட்டு, புதுத் திரைச்சேலை தொங்கவிட்டு, வா வா என்று இரண்டு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தவர். ஆஸ்பத்திரியில் மாக்கட்டுப் போட்ட அன்றைக்கு, “அம்மா, இன்னொருக்கா விழுந்தீங்கள் எண்டால் கதையே இல்லை. அந்த வீட்டைக் குடுத்திட்டு எங்களோட வாறியள்,” என்று கண் கலங்கக் கேட்டிருக்கிறார். அன்ரியும், “சரி தம்பி, இன்னொருக்கா விழுந்தா வாறன்,” என்று சொல்லிவிட்டார்.

“நோவுக்கு ஊசி போட்டிருந்தவங்கள் பிள்ளை. அந்த மயக்கத்தில கேட்டவன்,” என்று அன்ரி பிறகு எத்தனை தரம் என்னிடம் முறையிட்டிருப்பார்! ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை.

ரூஜுக்குப் போக ஏன் அவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். செவ்வாயும் வெள்ளியும் அன்ரி பஸ் ஏறி மோர்னிங்சைட்டில் இருந்த முதியோர் சங்கத்துக்குப் போவார். அங்கே முந்நூற்றிநாலு. யாழ்ப்பாணத்துச் சனம் எந்த நாட்டுக்குப் போனாலும் விடாத சீட்டு விளையாட்டு. நாலு பேர், இரண்டு பக்கம், துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு இருக்க வேண்டும். அன்ரியின் முகத்தைப் பார்த்துத் துரும்பு கண்டுபிடித்தவர் மோர்னிங்சைட்டில் இன்னும் பிறக்கவில்லை என்பார்கள். ரூஜில் மகன் வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிட நடை. மகனும் மருமகளும் காலையில் காரில் போனால் பின்னேரம்தான் வருவார்கள்.

“பகல் முழுக்க நானும் பிரிட்ஜும்தான் பிள்ளை. அதுதான் இடைக்கிடை ஏதும் சத்தம் போடும். நான் அதுக்கு மறுமொழி சொல்லத் தொடங்கினன் எண்டால் என்ர கதை முடிஞ்சுது,” என்றார்.

ஆக, வரப்போகிற மாரிக் குளிரில் அன்ரி விழக்கூடாது. விழுந்தால் வீடு போச்சு, பஸ் போச்சு, சீட்டும் போச்சு. அதற்காகத்தான் ஜூலை வெயிலில் பூட்ஸ்.

முதல் கடையில் விற்கும் பெண்பிள்ளை எங்களை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் செருப்பு. பூட்ஸ் செப்டம்பர் கடைசியில்தான் வரும் என்றாள். நான் வெட்கத்தில் திரும்பிப் போகப் பார்த்தேன். அன்ரி விடவில்லை. போன வருடம் விற்காமல் கிடந்தது ஏதும் இருந்தால் காட்டச் சொன்னார். அவள் உள்ளே போய்த் தூசு படிந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். பெட்டியில் பெரிய எழுத்தில், மைனஸ் முப்பது பாகை வரை தாங்கும் என்று போட்டிருந்தது. நான் அதை வாசித்துக் காட்டினேன்.

“எழுதினவன் எங்க நிண்டு எழுதினவன்?” என்று கேட்டார் அன்ரி. “ஹீற்றருக்குப் பக்கத்தில நிண்டு எழுதியிருப்பான்.”

பிறகு பூட்ஸை மூக்கடியில் வைத்து மணந்தார். பெருவிரல் நகத்தால் அமத்தினார். “தோல் எண்டால் அமத்தச் சுருங்கிப்போட்டுப் பேந்து நிமிரும். உது என்ன செய்தாலும் சிரிச்சுக்கொண்டிருக்கு. உது பிளாஸ்டிக்,” என்று பெட்டியை மூடினார். அன்ரி என்ன சொல்கிறார் என்று விற்கிற பெண் என்னைக் கேட்டாள். அன்ரிக்கு நிறம் பிடிக்கவில்லை என்று மொழிபெயர்த்தேன்.

செப்டம்பர் வந்தது. கடைகளுக்குப் பூட்ஸும் வந்தது. எனக்குச் சனி பிடித்தது என்று சொன்னால் பிழையில்லை, ஏனென்றால் சனிக்கிழமைகள் எல்லாம் அன்ரிக்குப் போய்விட்டன. அவருடைய கைப்பையில் காலுக்குப் போடுகிற கம்பளி மேஸ் ஒரு சோடி, ஒரு துணித்துண்டு, ஒரு சின்னப் போத்தல் தண்ணீர் எப்போதும் இருக்கும். மெல்லிய மேஸோடு பூட்ஸ் போட்டுப் பார்க்கிறவர்கள் ஜனவரியில் அழுவார்கள் என்பது அவருடைய தீர்ப்பு. அதுவும் காலையில் போகக்கூடாது. பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கிய பிறகுதான் அளவு சரிவரும் என்று மூன்று மணிக்குத்தான் வெளிக்கிடுவார்.

சூடு பார்ப்பதற்கு முறை வேறு. பூட்ஸுக்குள் கையை முழங்கை மட்டும் விட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் இருப்பார். கை வேர்த்தால்தான் பாஸ். அந்த ஐந்து நிமிடமும் சும்மா இருப்பாரா? கடையில் வருகிற தமிழ்ச் சனத்தோடு கதைப்பார். ஒரு சனிக்கிழமை கோயிலில் தெரிந்த ஒரு பெரியவர் வந்து வணக்கம் சொன்னார். அன்ரி மறந்துபோய் ஒரு கையில் பூட்ஸோடேயே கைகூப்பிக் கும்பிட்டார். அந்த மனிதர் கும்பிடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பின்னுக்குப் போனார்.

லேஸ் கட்டுகிற பூட்ஸை அவர் தொடவும் மாட்டார். அதற்குக் காரணம் குளிர் இல்லை, எங்கள் சனம்தான். ஒரு மாரிக்குள் எத்தனை பிறந்தநாள், எத்தனை அந்தியேட்டிச் சடங்கு, எத்தனை புதுவீடு குடிபூரல்! ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கழற்ற வேண்டும், திரும்பப் போட வேண்டும். அதனால் கடையின் நடுவில் நின்றபடி, இடது கையில் என் கைப்பையைப் பலகாரத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, வலது கையால் சிப்பை இழுத்துக் கழற்றிப் பார்ப்பார். நான் பத்து வரை எண்ண வேண்டும். ஒரு நல்ல பையன் பாவப்பட்டுக் கதிரை கொண்டுவந்து போட்டான்.

“வேண்டாமெண்டு சொல்லும்,” என்றார் அன்ரி. “எங்கட ஆக்கள் வாசலில கதிரையே போடுறவை?”

தண்ணீர்ப் போத்தல் எதற்கென்று நான்காவது கடையில்தான் தெரிந்தது. ஒரு சோடி பூட்ஸைப் போட்டுக்கொண்டு எழும்பியவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, போத்தலைத் திறந்து கடையின் வழவழப்பான ரைல்ஸில் ஊற்றி, அதன் மேல் ஏறி நின்று காலைத் தேய்த்துப் பார்த்தார். மனேஜர் ஓடிவந்தார். பின்னாலேயே ஒருவர் மஞ்சள் நிற ‘ஈரத் தரை’ பலகையைக் கொண்டுவந்து வைத்தார். நான் அந்தப் பக்கத்தில் பெல்ட் பார்க்கிற ஆள் மாதிரித் திரும்பி நின்றேன்.

“பிள்ளை! இஞ்ச வாரும்! இது சறுக்கேல்லை!” என்று அன்ரி அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டார். முழுக் கடையும் என்னைப் பார்த்தது.

அன்ரி பிழை விடாத ஆள் என்று நினைக்கக்கூடாது. நான் அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றில் எனக்கும் ஒரு சோடி தோல் பூட்ஸ் வாங்கினேன், அவருடைய சோதனைகள் பாதி முடித்து. கடையில் விற்கிற கிறீமை அன்ரி நம்பவில்லை. அதில் என்ன கிடக்கென்று எழுதவில்லையாம். தோலுக்கு எண்ணெய்தான் வேண்டும் என்று சொல்லி, என் பூட்ஸை வாங்கிக்கொண்டு போய்த் தேங்காயெண்ணெய் பூசித் தந்தார். செப்டம்பர் வெயிலில் அது மினுமினுவென்று நன்றாகத்தான் இருந்தது. மாரியில் போத்தலுக்குள் உறைகிற எண்ணெய் பூட்ஸில் மட்டும் உறையாதா என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

நவம்பரில் முதல் குளிருக்கு அன்ரியோடு கோயிலுக்குப் போய் இறங்கினேன். பூட்ஸின் தையல் ஓட்டமெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்து போய்க் கிடந்தது. வாசலில் சப்பாத்துக் கழற்றிய ஒரு மனுசி, “என்ன தங்கச்சி, சப்பாத்துக்கும் திருநீறு பூசிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்?” என்று கேட்டார். எனக்கு அழுகை வராத குறை. அன்ரி குனிந்து பார்த்தார். விரலால் சுரண்டிப் பார்த்தார்.

“ஓ, இது சரிவராது போல,” என்றார். “நல்ல காலம், நான் இன்னும் எனக்குப் பூட்ஸ் எடுக்கேல்லை.”

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு கிழமை அன்ரிக்குக் கதவு திறக்கவில்லை. எட்டாம் நாள் வெளியே வந்தால், அன்ரி நடைபாதையில் ஒரு சின்ன வாங்கில் இருந்துகொண்டு, என் கதவுக்கு வெளியே நான் விட்டிருந்த பூட்ஸை மடியில் வைத்துப் பழைய பல்துலக்கியால் தையல் தையலாக எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கடைக் கிறீம் ஒரு ரின். “மூண்டு கிறீமை என்ர பழைய கைப்பையில பூசிப் பாத்தனான். இதுதான் நல்லது,” என்றார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய வாயில் வராது. எனக்கும் அதன்பிறகு அது தேவைப்படவில்லை.

ஆனால் உண்மையான வில்லங்கம் வந்தது பிரீசரால். குளிரில் சில சோல்கள் கல்லாக இறுகிவிடும், இறுகினால் சறுக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். கடையில் அதை எப்படிச் சோதிப்பது? அதனால், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற கடைகளில் பூட்ஸை வாங்கி வந்து, பொலித்தீன் பையில் சுற்றி, தன் வீட்டுப் பிரீசரில் ஒரு நாள் வைத்து எடுத்து, சோலை மடித்துப் பார்ப்பார். இப்படி மூன்று சோடி தோற்றுப் போனது. நாலாவது சோடி திருக்கை மீனுக்கும் திருவின தேங்காய்ப்பூவுக்கும் நடுவில் படுத்திருந்த ஞாயிற்றுக்கிழமை, மகன் வந்திருக்கிறார். பேத்திக்கு ஐஸ்கிறீம் எடுக்கப் பிரீசரைத் திறந்திருக்கிறார்.

அவர் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

“அக்கா, ஒண்டு கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கோ,” என்றார். “அம்மாக்கு மறதி வந்திட்டுதோ? பூட்ஸைக் கொண்டுபோய்ப் பிரீசருக்க வைச்சிருக்கிறா.”

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவருடைய கண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அந்த மனிதர் உண்மையாகவே பயந்துபோய் நின்றார். நான் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, ஜூலையில் இருந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “மறதி இல்லை எண்டு நீங்கள் சொல்லுறியள். ஆனா மூளை சரியான ஆக்கள் இப்பிடிச் செய்வினமோ?” என்று கேட்டார். டொக்டரிடம் ஒருக்கால் காட்ட வேண்டும், விழுகிறதோ இல்லையோ நத்தாரோடு ரூஜுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் நல்லது என்று சொல்லிக்கொண்டு எழும்பினார்.

நான் அன்ரியிடம் போய்ச் சொன்னேன். அன்ரி எழும்பிப் போய்ப் பிரீசரைத் திறந்து, அந்தச் சோடியை எடுத்து, என் கையில் தந்தார்.

“மடிச்சுப் பாரும்.”

மடித்தேன். கை விறைக்கும் குளிர். ஆனால் சோல் சப்பாத்தி மாவு போல வளைந்தது.

“இதுதான்,” என்றார் அன்ரி. அன்றைக்குத்தான் அவர் சந்தோசப்பட்டுப் பார்த்தேன். மண்ணிறத் தோல், கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் உயரம், பக்கத்தில் சிப், உள்ளே ஆட்டு ரோமம், அடியில் சின்னச் சின்னப் பல்லு வைத்த மெத்தென்ற றப்பர். ஆறு கடை, பதினொரு சனிக்கிழமை. பிறகு மகனுக்கு ரெலிபோன் எடுத்து, “தம்பி, எங்கட பேச்சு, விழுந்தா வாறது எண்டுதான். பிரீசரைத் திறந்தா வாறது எண்டு இல்லை,” என்று சொல்லி வைத்தார்.

முதல் ஸ்னோ கொட்டிய காலை நான் பல்கனியில் நின்று பார்த்தேன். மேலே இருந்து பார்க்க, மண்ணிறப் பூட்ஸும் ஊதா ஜக்கெட்டுமாக அன்ரி பஸ் தரிப்புக்குப் போனார். போன பெப்ரவரியில் விழுந்த அதே இடத்தில் நின்றார். காலைத் தேய்த்தார். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை, திரும்பவும் தேய்த்துப் பார்த்தார். அடுத்த பஸ் வந்தது, அதையும் விட்டார். மூன்றாவது பஸ்ஸில்தான் ஏறிப் போனார். அன்று மோர்னிங்சைட்டில் அவருடைய பக்கத்துக்குத்தான் வெற்றி என்று பின்னேரம் வந்து சொன்னார்.

டிசம்பர் போனது. ஜனவரியில் உறைமழை பெய்து, மரக்கொப்பெல்லாம் கண்ணாடியாகி, நான் காருக்குப் போகவே பயந்து வேலைக்கு லீவு போட்ட நாளிலும் அன்ரி போய் வந்தார். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் ஐந்து மணிக்கு எலிவேற்றர் திறக்கும் சத்தம் கேட்கும்வரை எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கென்ன வந்தது? பெற்றவவா, கூடப்பிறந்தவவா? ஆனாலும் அந்த மனுசி மூன்று கதவு தள்ளி இல்லாத நடைபாதையை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் மாதம் பேத்தியின் பிறந்தநாள். ரூஜில், மகனுடைய வீட்டில், சனிக்கிழமை மத்தியானம். அன்ரியோடு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். என் காரில்தான் போனோம். தெருவில் பாதி உருகிய ஸ்னோ, சேறும் தண்ணியுமாக. அன்ரி வடைத் தட்டோடு இறங்கி, ஒரு தடுமாற்றம் இல்லாமல் படியேறினார்.

கதவைத் திறந்தால், எங்கள் வீட்டு விசேஷங்களில் இருக்கும் அதே காட்சி. வாசலில் நாற்பது சோடி சப்பாத்து, ஒன்றின் மேல் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த ஸ்னோ உருகி, வெள்ளை ரைல்ஸ் முழுக்கத் தண்ணீர். அன்ரி ஒரு கையில் தட்டோடு நின்றபடி சிப்பை இழுத்தார், இடது பூட்ஸ், வலது பூட்ஸ், பத்து எண்ணுவதற்குள் கழற்றி ஓரமாக வைத்தார். தட்டை என்னிடம் தந்தார். கம்பளி மேஸ் போட்ட காலை எடுத்து அந்த ஈர ரைல்ஸில் வைத்தார்.

அவ்வளவுதான். ‘ஐயோ’ என்று சொல்லக்கூட நேரமில்லை. அன்ரி பொத்தென்று விழுந்து சப்பாத்துக் குவியலில் சாய்ந்து கிடந்தார்.

பாட்டை யாரோ நிற்பாட்டினார்கள். மகன் குசினியில் இருந்து ஓடிவந்தார். மருமகள், “மாமி! மாமி!” என்று குனிந்தார். ஆளுக்கொரு கை நீட்டினார்கள்.

“ஒருத்தரும் தொடாதேங்கோ,” என்றார் அன்ரி. கையை ஊன்றி நிமிர்ந்து, சுவரோடு சாய்ந்து, தரையிலேயே இருந்துகொண்டார். மணிக்கட்டை ஆட்டிப் பார்த்தார். அது சரியாக இருந்தது.

மகன் முன்னால் முழந்தாளிட்டார். “அம்மா, போதும். இனி என்னால ஏலாது. விழுந்தா வாறன் எண்டு சொன்னனீங்கள்.”

ஜூலை வெயிலும் பதினொரு சனிக்கிழமையும் இந்தத் தண்ணியில் போயிற்றே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

“சொன்னனான். இல்லையெண்டு சொல்லேல்லையே,” என்றார் அன்ரி. “எங்க விழுந்தனான்?”

“இஞ்சதான்.”

“இஞ்ச எண்டால் எங்க?”

மகன் விளங்காமல் பார்த்தார். “எங்கட வீட்டில.”

“பிள்ளை, நீர் சொல்லும்,” என்று என் பக்கம் திரும்பினார். “நவம்பரில இருந்து நான் மல்வேர்னில விழுந்தனானோ?”

“இல்லை அன்ரி.”

“பஸ் தரிப்பில?”

“இல்லை.”

“மோர்னிங்சைட்டில? உறைமழையில?”

“இல்லவே இல்லை.”

அன்ரி மகனைப் பார்த்தார். “உன்ர வீட்டுக்குள்ள வந்து ஒரு நிமிசம் ஆகேல்லை. ஒரு காலைத்தான் வைச்சனான். இப்ப நீயே சொல்லு தம்பி, நான் எங்க இருக்கிறது எனக்கு நல்லது?”

பின்னால் நின்ற யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு வீடே சிரித்தது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். மகன் மட்டும் சிரிக்கவில்லை.

“எனக்குப் பயமா இருக்கு அம்மா,” என்றார் மெதுவாக. “அண்டைக்கு நீங்கள் விழேக்க பக்கத்தில ஒருத்தரும் இல்லை.”

“எனக்கும் பயம்தான்,” என்றார் அன்ரி. “பயம் இல்லாட்டி ஏன் ஒரு பூட்ஸுக்கு இவ்வளவு பாடுபடுறன்? ஆனா எனக்கு என்ர வீட்டில இருந்து பயப்பிட விருப்பம் தம்பி.”

மகன் அப்படியே அந்த ஈரத்தில் இருந்துவிட்டார். நல்ல காற்சட்டை, நனைந்தது. “சரி அம்மா. அங்கயே இருங்கோ,” என்றார். அன்ரி அவருடைய தலையைத் தடவினார். அதற்குப் பிறகுதான் எழுப்பிவிடச் சம்மதித்தார்.

கேக் வெட்டினார்கள். சாப்பாடு நடந்தது. அன்ரி ஒரு கதிரையில் இருந்தவர் இருந்தபடி எல்லாரோடும் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மணித்தியாலம் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. வெளிக்கிடும்போது மகன் வாசலைத் துணி போட்டுத் துடைத்து, கதிரை கொண்டுவந்து போட்டு, கீழே இருந்து அம்மாவின் காலில் பூட்ஸைத் தானே மாட்டி, சிப்பை இழுத்துவிட்டார்.

“நோகேல்லைத்தானே அம்மா?”

“எனக்கென்ன நோ? உனக்கு விசர்,” என்றார் அன்ரி.

படி இறங்கி, உருகிய ஸ்னோவில் கால் வைத்து, யாருடைய கையையும் பிடிக்காமல் நேரே என் காருக்கு நடந்தார். மகன், மருமகள், பேத்தி, விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். நொண்டவில்லை, சாயவில்லை. முந்நூற்றிநாலில் துரும்பு கவிழ்த்துவிட்டு இருக்கிற அதே முகம். காரில் ஏறினார். நான் கதவைச் சாத்திவிட்டு மற்றப் பக்கம் வந்து இருந்தேன்.

“ஐயோ, என்ர அம்மா,” என்றார் அன்ரி. அப்படி ஒரு சின்னக் குரல் அவரிடம் இருக்கிறதென்று அதுவரை எனக்குத் தெரியாது. “இடுப்பு, பிள்ளை. விழுந்த நேரத்தில இருந்து உயிர் போகுது.”

எலும்பு முறியவில்லை, தசையில் கண்டல்தான் என்று பிறகு கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் அந்த நேரம் அது எங்கள் இருவருக்கும் தெரியாது. மகனுக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை.

“நேரே கிளினிக்குக்குப் போவம் அன்ரி,” என்றேன்.

“போவம். முதல்ல பாரும், அவங்கள் இன்னும் வாசலில நிக்கிறாங்களோ?”

“நிக்கிறாங்கள்.”

அன்ரி கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது. கார்க் கண்ணாடியை இறக்கச் சொல்லி, கையை வெளியே நீட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஆட்டத் தொடங்கினார்.

“மெல்ல எடும் பிள்ளை,” என்றார் சிரிப்பு மாறாமல். “குலுக்காமல் எடும்.”

தெரு முனை திரும்பும்வரை அந்தக் கையை அவர் இறக்கவில்லை.